டேங்கர் மாமாவுக்குச் சூடான சோறு

எங்கள் தெருவில் கேஸ் வாசனை அடித்தால் யாரும் பதற மாட்டார்கள். "டேங்கர் வந்தாச்சு, சாப்பாட்டு நேரமாச்சு" என்பார்கள். வேறு தெருக்காரர்களாக இருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே ஓடியிருப்பார்கள். நாங்கள் தட்டைக் கழுவினோம்.

எல்லாவற்றுக்கும் காரணம் எதிர்வீட்டு டேங்கர் மாமா. கப்பலில் வந்து இறங்கும் சமையல் கேஸைத் துறைமுகக் கிடங்கிலிருந்து சிலிண்டர் நிரப்பும் ஆலைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. அழுத்தி அழுத்தித் தண்ணீர் மாதிரி ஆக்கிய கேஸ். வண்டியில் ஏற்றி முடித்துக் குழாயைக் கழற்றும்போது மிச்சம் மீதி ஒரு சீறு சீறும். அது மாமாவின் சட்டை, தலைமுடி, தோளில் கிடக்கும் துண்டு எல்லாவற்றிலும் ஏறிக்கொள்ளும். எந்தச் சோப்புக்கும் போகாது. அவர் வண்டியிலிருந்து இறங்கும்போதே வாசனை அவருக்கு முன்னால் நடந்து வீட்டுக்குள் நுழைந்துவிடும்.

வாசனை வந்ததும் மாமாவின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், அடுப்பைப் பற்றவைப்பாள். இதில் இருக்கிற கூத்தை நான் ஒருநாள் எடுத்துச் சொன்னேன். கேஸ் வாசனை வந்தால் உலகமே அடுப்பை அணைக்கும், பற்றவைக்கிற ஒரே ஆள் நீதான் என்றேன். அக்கா தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்ன பண்றது? மத்தவ புருஷன் குரல் குடுத்துட்டு வர்றான். இந்த மனுஷனுக்கு வாயைத் திறந்து கூப்பிட்டா கௌரவம் குறைஞ்சிடும். சோறு மட்டும் கொதிக்கக் கொதிக்க வேணும்."

டேங்கர் ஓட்டுவதற்கு ஆயிரம் விதி உண்டு. ஆள் குடியிருக்கும் தெருவுக்குள் வண்டியைக் கொண்டுவரக் கூடாது என்பது முதல் விதி. மாமாவுக்கு அதற்கும் மேலே ஒரு விதி இருந்தது. சோறு சூடாக இருக்க வேண்டும். பெருஞ்சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தால் வெயில். டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போனால் ஆறிவிடும். ஆகவே பதினெட்டுச் சக்கரங்களில் உருளுகிற அந்த வெள்ளை யானையை எங்கள் தெருவுக்குள் இறக்கி, கடைசியில் இருக்கும் காலி மனையில் நிறுத்திவிட்டு, கை கழுவி உட்காருவார். அக்கா தையல் மெஷினிலிருந்து எழுந்து ஓடி, சோற்றைச் சூடாக்கி, குழம்பைச் சூடாக்கி, அவர் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக் கிளம்பிய பிறகு, தான் ஆறினதைச் சாப்பிடுவாள். அவளும்தான் விடிந்ததிலிருந்து மெஷினை மிதிக்கிறாள். அவளுக்குச் சூடாகக் கொடுக்க யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

தெருச் சங்கத் தலைவருக்கு இந்த டேங்கர் வருவது பிடிக்கவில்லை. பிடிக்காததில் நியாயம் இருந்தது. அதைச் சொல்லுகிற துணிச்சல்தான் அவருக்கு இல்லை. மாமாவின் மீசையைக் கண்டால், "என்ன, இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று பேச்சை மாற்றிவிடுவார். வாயால் சொல்ல முடியாததைச் சிமெண்டால் சொன்னார். தெரு, மெயின் ரோட்டிலிருந்து சரிந்து இறங்கும். இறங்குகிற வாயில், தன் வீட்டு வாசலுக்கு நேராக, ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வேகத்தடை போட்டுவிட்டார். வேகத்தடை என்றால் சும்மா இல்லை. சைக்கிளில் போனவர்கள் இறங்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். என் அம்மா அதன்மேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள்.

மறுநாள் மதியம் நான் அக்கா வீட்டு அடுப்படியில் இருந்தேன். எங்கள் குடும்பத்திலேயே முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். வேதியியல். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு அப்போது நான் பார்த்த வேலை, அக்கா தைத்த பைகளில் நூல் பிசிறு வெட்டுவது. மாமா என்னை 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார். "டிகிரி, பிசிறு ஒழுங்கா வெட்டு. படிச்ச பிள்ளை வெட்டினதுன்னு தெரியணும்" என்பார்.

இலை அசையவில்லை. தார் உருகுகிற வெயில். வாசனை வந்தது.

"வந்துட்டாரு," என்று அக்கா எழுந்தாள். குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். லைட்டரைத் தேடினாள்.

"வண்டிச் சத்தம் கேக்கலியே அக்கா?"

"மெஷின் சத்தத்துல கேக்கலை. அந்த லைட்டர எங்கடி வெச்ச?"

வாசனை வழக்கமாக வருகிற மாதிரி இல்லை. மாமாவின் சட்டையிலிருந்து வருவது மெல்ல வரும், வியர்வையோடு கலந்து வரும். இது மூக்கில் குத்தியது. தெருப்பக்கம் எட்டிப் பார்த்தேன். தெருவின் மேல்வாயில், தலைவர் வீட்டு வாசலில், டேங்கர் பாதி உடம்பு உள்ளேயும் பாதி உடம்பு வெளியேயுமாக நின்றது. அதன் வயிற்றுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ புகைந்தது. புகை என்றால் மேலே போக வேண்டும். இது போகவில்லை. தரையோடு தரையாக, பாலைக் கொட்டிவிட்ட மாதிரி சரிவில் இறங்கி வந்தது.

"அக்கா, பத்தவைக்காதே!"

அதே நேரம் தூரத்திலிருந்து மாமாவின் குரலும் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தெருவில் நின்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"ஏய்! அடுப்பைப் பத்தவைக்காதே! அடுப்பைப் பத்தவைக்காதே!"

அக்காவின் முகம் மாறியது. லைட்டர் அவள் கைக்குக் கிடைத்துவிட்டது.

"கேட்டியாடி? வெளியில தின்னுட்டு வந்துட்டாராம். சோறு வேண்டாம்னா உள்ள வந்து சொல்லணும். தெருவில நின்னு ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி என் மானத்த வாங்கணுமா?"

"அது இல்லக்கா…"

"எது இல்ல? இப்ப சூடு பண்ணத்தான் போறேன். அவர் திங்காட்டி நான் திங்கிறேன். ஒருநாளாவது நான் சூடாத் தின்னு பாக்கறேன்."

லைட்டரை அடுப்புக்குக் கொண்டுபோனாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன். இழுத்தாள். அவளுக்கு மெஷின் ஓட்டின உடம்பு, எனக்குப் பாடப் புத்தகம் தூக்கின உடம்பு. வேறு வழி தெரியாமல் மேடையில் இருந்த தண்ணீர்க் குடத்தைச் சாய்த்தேன். அடுப்பு, லைட்டர், குழம்பு, அக்காவின் புடவை எல்லாம் ஒன்றாக நனைந்தன.

"பைத்தியமாடி உனக்கு!"

"கேஸ் ஒழுகுதுக்கா! மாமா சட்டை வாசனை இல்ல, வண்டியே ஒழுகுது! காத்தைவிடக் கனம் அது. தரையோட வரும். பள்ளத்துல தேங்கும். நாம இருக்கறதுதான் பள்ளம்!"

அக்கா நனைந்த லைட்டரைப் பார்த்தாள். பிறகு அதை, தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி, சத்தமில்லாமல் மேடையில் வைத்தாள்.

"பின்பக்கமா வா," என்றாள்.

பின்சந்து வழியாக மெயின் ரோட்டுக்கு ஏறினோம். போகிற வழியில் ஒவ்வொரு பின்கதவாகத் தட்டினோம். "அடுப்பை விடு, மேலே வா, எந்த ஸ்விட்சையும் தொடாதே" என்று நான் கத்த, "இந்தப் பொண்ணு எப்பவும் இப்படித்தான்" என்று ஒருத்தி சொல்ல, "அவ சொன்னா கேக்காதே, நான் சொல்றேன் கேளு, டேங்கர் ஒழுகுது" என்று அக்கா சொன்ன பிறகுதான் கதவுகள் திறந்தன. பட்டத்துக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

மாமா வண்டிக்குக் கீழே குனிந்திருந்தார். முன்சக்கரங்கள் வேகத்தடையைத் தாண்டிவிட்டன. வயிற்றுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் தாண்டவில்லை. முட்டி வளைந்து, மூட்டில் சீறிக்கொண்டிருந்தது. அந்தக் கொளுத்துகிற வெயிலிலும் குழாயைச் சுற்றி வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. மாமா இன்ஜினை அணைத்திருந்தார். தொட்டிக்குள் இருக்கும் வால்வையும் மூடியிருந்தார். ஆனால் அடிபட்டதில் அது முழுசாகப் பொருந்தவில்லை. ஒழுக்கு குறைந்ததே தவிர நிற்கவில்லை. கையில் ஸ்பேனரோடு நின்றார்.

காற்று என்று சொல்லக்கூடிய அளவுக்கு ஒன்றும் இல்லை. இருந்த கொஞ்சமும் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து கீழே வீசியது. நாங்கள் மேலே, தள்ளி நின்று கத்தினோம்.

"என்னங்க! அந்த ஸ்பேனரக் கீழ போடுங்க!"

"போட்டா பொறி வரும்டி! இரும்பு!"

"அப்ப மெதுவா வைங்க!"

"வைக்கத்தான் போறேன், நீ கத்தாத!" ஸ்பேனரை மண்ணில் படுக்கவைத்தார். "பித்தளை ஸ்பேனர்தான் இதுக்கு வெக்கணும். அதைத் தொலைஞ்சிடும்னு ஆபீஸ் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டானுங்க."

"ஃபயர் ஆபீசுக்குச் சொல்லியாச்சா?"

மாமா எங்களை நோக்கி ஓடி வந்தார். குரலை இறக்கினார். "வேண்டாம். அஞ்சே நிமிஷம். நான் பாத்துக்கறேன். ஃபயரு வந்தா கம்பெனிக்குத் தெரியும். தெருவுக்குள்ள எதுக்குடா வந்தேன்னு கேப்பான். வேலை போயிடும்."

"சோறு திங்க வந்தேன்னு சொல்லுங்க."

"விளையாடாதடி. இந்த வேலை போச்சுன்னா வேற எந்த டேங்கர்லயும் ஏத்த மாட்டான். மூணு பேர் சாப்பிடற வேலை."

மூன்றாவது ஆள் அவர்கள் மகள். பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அக்கா கீழே தெருவைப் பார்த்தாள். வெள்ளை இப்போது எங்கள் வாசல் வரை போயிருந்தது. அதற்கு அப்பாலும் போயிருக்கும். அங்கே வெள்ளை இருக்காது, வாசனை மட்டும்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு ஃபிரிட்ஜ் தானாக 'டிக்' என்று ஓடத் தொடங்கினால் போதும்.

"போனைக் குடுடி," என்றாள் அக்கா.

"ஏய், வேண்டாம்னு சொல்றேன்ல!"

அக்கா அவரைப் பார்க்கவில்லை. போனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு மெயின் ரோட்டில் வெகுதூரம், டயர்க் கடை தாண்டி ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். எண்ணைப் போட்டுக் கொடுத்தேன்.

"ஹலோ, ஃபயர் ஆபீசா? கேஸ் டேங்கர் ஒழுகுது. லோடு முழுசா இருக்கு… எந்தத் தெருவா? டயர்க் கடைக்கு இந்தப் பக்கம் சரியற தெரு. நேத்து ஒரு மலையக் கட்டி வெச்சிருக்காங்களே… ஆமா, அதேதான். காலைல புகார் வந்துச்சா? நல்லது. அந்த மலைலதான் இடிச்சிருக்கு… நான் யாரா? நான் டிரைவர் பொண்டாட்டி… அவரா? அவரு வண்டிப் பக்கத்துலதான் நிக்கறாரு, பேச்சு வரல. நீங்க வாங்க முதல்ல!"

திரும்பி வந்தபோது மாமா தலையில் கைவைத்து நின்றார். "என் சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடி."

"சோறு நான் போடறது. மண்ணும் நானே போட்டுக்கறேன். நகருங்க."

அதற்குள் தெரு மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. பாதிப் பேர் கையில் கரண்டி. ஒருவர் உடம்பெல்லாம் சோப்பு நுரை, இடுப்பில் துண்டு. தலைவர் மட்டும் வீட்டு வாசலிலேயே நின்று எதனுடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அருகில் போய்ப் பார்த்தால், சங்கத்து மைக் செட். ஒயரை இழுத்துவந்து வெளிச்சுவரில் இருந்த ப்ளக்கில் சொருகப் போனார்.

"என்ன சார் பண்றீங்க!"

"அறிவிப்பு செய்யணும்மா. யாரும் எந்த ஸ்விட்சையும் போடக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லணும். ஒழுங்கா மைக்ல சொன்னாத்தான் கேப்பாங்க."

எனக்கு வந்த கோபத்தில் என் வாயிலிருந்து வந்ததை அச்சில் போட முடியாது. தலைவர் ஒயரை விட்டுவிட்டார். ஆனால் உடனே இன்னொரு யோசனை அவருக்கு. "காரையாவது வெளிய எடுத்துடறேன், புதுசு." சாவியை எடுத்தார். அக்கா அந்தச் சாவியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இருக்கட்டும் சார். புதுக் காரை அப்புறம் ஓட்டலாம். புது ஆளைச் செய்ய முடியாது."

தீயணைப்பு வண்டி வந்தது. வெகுதூரத்திலேயே நின்றுவிட்டது. குழாயை இழுத்துக்கொண்டு நாலு பேர் ஓடி வந்தார்கள். வெள்ளையின் மேல் தண்ணீரை விசிறிபோலப் பரப்பி அடித்தார்கள். வெள்ளை கிழிந்தது, மெலிந்தது. அவர்களுடைய மேஸ்திரி மாதிரி இருந்தவர், தடித்த கையுறை போட்டவர், வளைந்த குழாயைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"பருத்தித் துணி வேணும்! நிறைய! நனைச்சுக் கொண்டாங்க!"

தலைவர் வீட்டு மாடிக் கொடியில் படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. அவருக்குப் பேரம் பேச அவகாசம் கிடைக்கவில்லை. இளவட்டமான ஒரு வீரர் வெளிப்படியில் ஏறி, பூப் போட்டது, கட்டம் போட்டது, கல்யாணத்துக்கு வந்தது எல்லாவற்றையும் உருவிக்கொண்டு வந்தார். தண்ணீரில் முக்கி, ஒழுகுகிற மூட்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். ஒழுகுகிற கேஸ் அவ்வளவு குளிர்ச்சி. கட்டிய துணி கண்முன்னால் விறைத்தது. மேலே தண்ணீர் ஊற்ற ஊற்றப் பனிக்கட்டியாக இறுகியது. சீறல் முனகலாகி, முனகல் நின்றது. ஒழுக்கை அதன் குளிரே அடைத்துவிட்டது. பாடத்தில் படித்தபோது எனக்குத் தூக்கம் வந்த விஷயம்.

"அது என் சம்சாரத்தோட அம்மா குடுத்தது," என்றார் தலைவர், பூப் போட்ட பனிக்கட்டியைப் பார்த்து.

அப்புறமும் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு கருவியை நீட்டி நீட்டி ஒவ்வொரு சாக்கடையாக, ஒவ்வொரு வீடாகப் பார்த்தார்கள். நாங்கள் மெயின் ரோட்டு ஓரத்தில் பசியோடு நின்றோம். மாமா டயர்க் கடை வாசலில், அடுக்கி வைத்திருந்த பழைய டயர்மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் போகவில்லை. நனைந்த புடவை உடம்பிலேயே காய்ந்துகொண்டிருந்தது. குழம்பு வாசனை அடித்தது அவள்மேல்.

எல்லாம் அடங்கிய பிறகு கம்பெனி ஆள் வந்தார். குளிர்சாதனக் கார். இஸ்திரி போட்ட சட்டை. வண்டியைப் பார்த்தார், வேகத்தடையைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"வண்டி இந்தத் தெருவுக்குள்ள எதுக்கு வந்தது?"

மாமா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். தெருவுக்கு அவர் மேல் எத்தனை நாள் கோபம்! சொல்லிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் முந்திக்கொண்டது தலைவர். வேகத்தடை பற்றி அடுத்த கேள்வி தன்னிடம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"வண்டியில ஏதோ கோளாறுன்னு இவருக்குச் சந்தேகம் சார். மெயின் ரோட்டுல ஜன நடமாட்டம் இருக்குன்னு, பொறுப்பா ஒதுக்குப்புறமா ஓட்டிக்கிட்டு வந்தாரு."

நாற்பது குடும்பம் இருக்கிற ஒதுக்குப்புறம்! கம்பெனி ஆளுக்கும் அந்தக் கதை பிடித்துப்போனது. அவரும் மேலே யாருக்கோ ஒரு கதை சொல்ல வேண்டுமே.

"பித்தளை ஸ்பேனர் எங்க சார்?" என்றேன்.

"நீங்க யாரும்மா?"

"அதைப் பீரோவுல பூட்டி வெச்சா, வண்டியில ஒழுகும்போது எதை வெச்சுத் திருகறது? உங்க பேனாவை வெச்சா?"

"அது… கவனிக்கிறோம்." அவர் அவசரமாக மாமாவிடம் திரும்பினார். "ஃபயருக்கு உடனே சொன்னது யாரு?"

மாமா தொண்டையைக் கனைத்தார். டயரிலிருந்து எழுந்தார். மீசை கொஞ்சம் நிமிர்ந்தது.

"நான்தான் சார். போன் கைல இல்ல. வீட்டுல சொல்லிக் கூப்பிடச் சொன்னேன்."

"நல்ல வேளை. சொல்லாம நீங்களே மறைச்சுத் திருகிப் பாத்திருந்தா, இன்னியோட உங்களை அனுப்பியிருப்போம். இப்ப பிரச்சினை இல்ல. பாராட்டிக்கூட எழுதலாம்." அக்கா பக்கம் திரும்பினார். "இவர் சொல்லித்தானேம்மா நீங்க கூப்பிட்டீங்க?"

தெரு மொத்தமும் அக்காவின் வாயைப் பார்த்தது. மாமா மட்டும் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்ல மூச்சு இழுத்தேன். அக்கா என் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். இழுத்த மூச்சு உள்ளேயே நின்றது.

"ஆமா சார்," என்றாள். "அவர்தான் சொன்னாரு."

மாமா மூச்சு விட்டது டயர்க் கடைக்காரர் காற்று இறக்குவது மாதிரிக் கேட்டது.

"இன்னும் ஒண்ணும் சொன்னாரு சார்," என்றாள் அக்கா, அதே அடக்கமான குரலில். "அதையும் எழுதிக்குங்க. இனிமே எந்தக் காரணத்துக்கும் வண்டியை வீட்டுப் பக்கம் கொண்டுவர மாட்டேன்னாரு. கட்டிக் குடுக்கறதை ஆறினாலும் சாப்பிட்டுக்குவேன்னாரு. லீவு நாள்ல அவரே சூடு பண்ணி எனக்கும் போடறேன்னாரு. அவ்வளவு பதட்டத்துலயும் எப்படி யோசிச்சிருக்காரு பாருங்க. சொன்னீங்கதானேங்க?"

மாமா அக்காவைப் பார்த்தார். கம்பெனி ஆளைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். தெரு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. சோப்பு நுரைக்காரர் மட்டும் அடக்க முடியாமல் துண்டை வாயில் பொத்தினார்.

"என் காதாலயே கேட்டேன்," என்றார் தலைவர்.

மாமா ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமாங்க," என்றாள் அக்கா. "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலை."

"சொன்னேன்!"